2.35 சதவீத ஓட்டைக்கு 27 சதவீதச் சரிவு: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 மார்ச் 10ஆம் தேதி இண்டஸ்இண்ட் வங்கி பங்குச் சந்தைகளுக்கு ஒரு தகவல் அனுப்பியது. டெரிவேட்டிவ் (வட்டி, நாணய மதிப்பு போன்றவற்றின் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) கணக்குகளில் முரண்பாடு தென்பட்டிருக்கிறது, அதனால் வங்கியின் நிகர மதிப்பில் ஏறத்தாழ 2.35 சதவீதம் குறையலாம் என்பது அதன் சாரம். மறுநாள் சந்தை மூடும்போது அந்தப் பங்கு 27 சதவீதம் சரிந்திருந்தது. 900 ரூபாயில் இருந்தது 650 ரூபாய்ப் பக்கம் வந்து நின்றது.

இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி அருகருகே வைத்துப் பார்த்தேன். ஓட்டை 2.35. சரிவு 27. நடுவில் இருக்கும் இருபத்துநான்கு சொச்சம் எதற்கான விலை? காணாமல் போன பணத்துக்கு 2.35 போதும். மீதியெல்லாம், "இது மட்டும்தானா, இன்னும் என்னென்ன இருக்கிறதோ" என்ற சந்தேகத்துக்குச் சந்தை போட்ட விலை. அந்தச் சந்தேகத்தில் ஒரு பகுதியை வங்கிகள் விளைவிக்கின்றன. இன்னொரு பகுதி உங்கள் அலுவலகத்தில் விளைகிறது என்பது என் குற்றச்சாட்டு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் பொருளாதார நிபுணர் இல்லை. ஒரு வங்கியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடன் பிரிவிலும் உள்தணிக்கையிலும் கழிந்தன. வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது கரூரில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறேன். காலையில் செய்தித்தாளில் முதலில் புரட்டுவது பங்குச் சந்தைப் பக்கம். என் கணவர் இதை நோய் என்கிறார்.

வங்கிப் பங்கு மற்ற பங்குகளைப் போன்றது இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கி நூறு ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது என்றால், அதில் பங்குதாரர்களின் சொந்தப் பணம் ஒன்பதோ பத்தோதான். மீதி ஊரார் போட்ட டெபாசிட். பத்து ரூபாய்க் கடன் திரும்பாமல் போய், அடமானத்தை விற்று நான்கு ரூபாய் தேறினாலும், ஆறு ரூபாய் கைவிட்டுப் போகிறது. ஊரார் பணத்தில் கை வைக்க முடியாது. போகிற ஆறும் அந்தப் பத்திலிருந்துதான் போக வேண்டும். சர்க்கரை ஆலையிலோ நூற்பாலையிலோ சரக்கில் பத்தில் ஒரு பங்கு வீணானால் அது ஒரு மோசமான ஆண்டு, அவ்வளவுதான். வங்கியில் கடன்களில் பத்தில் ஒரு பங்கு வீணானால் முதலாளியின் பணத்தில் பாதிக்கு மேல் போயிற்று.

இதோடும் முடிவதில்லை. மீதமிருக்கும் நான்கு ரூபாயை வைத்துக்கொண்டு நூறு ரூபாய்க் கடனைத் தாங்க உங்கள் விதிகள் அனுமதிக்காது. புதிய மூலதனம் திரட்ட வேண்டும். நோயாளி என்று தெரிந்த பிறகு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? யெஸ் வங்கியில் 2020 மார்ச் மாதத்துக்கு முன் சுமார் 255 கோடி பங்குகள் இருந்தன. ஸ்டேட் வங்கியும் மற்ற வங்கிகளும் பத்து ரூபாய் வீதம் போட்டு மீட்டன. அதே ஆண்டு ஜூலையில் 12 ரூபாய்க்கு இன்னொரு வெளியீடு வந்தது. முடிவில் 2,500 கோடிப் பங்குகள். ஒரு தோசையை இருவருக்குப் பிய்த்துக் கொடுப்பதாக இருந்த இடத்தில் இருபது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பங்கு "மறுபடி 400 ரூபாயைத் தொடும்" என்று காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பங்குகளின் எண்ணிக்கை பத்து மடங்கானது அவர்கள் கணக்கில் வரவே இல்லை.

ஆகவே வங்கியின் உடல்நிலை பற்றிய ஒரு சிறு செய்தி பங்கு விலையில் பெரிதாக வெடிப்பது இயல்பு. வெடிப்பதில் எனக்குப் புகார் இல்லை. செய்தி யாருக்கு, எப்போது கிடைக்கிறது என்பதில்தான் புகார்.

நல்ல உதாரணம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி 17ஆம் தேதி எச்டிஎஃப்சி வங்கியின் பங்கு ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. வராக்கடன் கூடிவிட்டதா? இல்லை. நட்டமா? அதுவும் இல்லை. வீட்டுக்கடன் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகு, நூறு ரூபாய் டெபாசிட்டுக்கு 110 ரூபாய் அளவில் கடன் நின்றது. டெபாசிட் போதிய வேகத்தில் வரவில்லை, இனி கடனைக் கட்டுப்படுத்த வேண்டும், லாப வளர்ச்சி குறையும் என்று சந்தை கணக்குப் போட்டது. இந்த எண்கள் எல்லாம் முந்தைய நாள் மாலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெளியானவை. மும்பை நிதி மேலாளரும் கரூர் ஓய்வூதியரும் ஒரே தாளைத்தான் படித்தார்கள். விலை இறங்கியது, பிறகு காலப்போக்கில் மீண்டது. சந்தை தன் வேலையைச் செய்தது.

இப்போது என் பழைய வேலைக்கு வருகிறேன்.

மார்ச் மாதக் கடைசி வாரம் ஒரு கிளைக்கு உள்தணிக்கைக்குப் போயிருந்தேன். ஒரு நூற்பாலைக்குக் கொடுத்த கடன். வட்டி கட்டாமல் தொண்ணூறு நாளாகப் போகிறது. தொண்ணூறு தாண்டினால் அது வராக்கடன். லாபத்திலிருந்து ஒதுக்கீடு எடுத்துவைக்க வேண்டும். 29ஆம் தேதி அந்த ஆலை முதலாளியின் மனைவி பெயரில் இருந்த வியாபார நிறுவனத்துக்கு ஒரு புதுக்கடன் அனுமதி ஆனது. 30ஆம் தேதி அந்தப் பணம் இரண்டு கணக்குகள் வழியாகச் சுற்றி, ஆலையின் வட்டிப் பாக்கியில் வந்து விழுந்தது. 31ஆம் தேதி ஆலைக் கணக்கு சுத்தமாக இருந்தது. குறிப்பு எழுதினேன். மேலதிகாரி படித்தார். "தாராளமாக எழுதுங்கள் அம்மா, ஏப்ரலில் எழுதுங்கள்" என்றார்.

இந்தச் செப்படி வித்தைக்கு வங்கி உலகில் எவர்கிரீனிங் என்று அழகான பெயர். பட்ட மரத்துக்குப் பச்சைச் சாயம் அடிப்பது என்று நாங்கள் சொல்வோம். என் வாசல் மரம் பட்டுப்போனால் வழியே போகிறவர்களுக்கும் தெரியும். ஒரு வங்கியின் கடன் புத்தகத்தில் எத்தனை மரங்களுக்குச் சாயம் அடித்திருக்கிறது என்பது நாட்டில் இரண்டே தரப்புக்குத் தெரியும்: அந்த வங்கிக்கும், உங்கள் ஆய்வாளர்களுக்கும்.

நீங்கள் அந்தச் சாயத்தைச் சுரண்டிப் பார்த்ததற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. 2015இல் தொடங்கிய சொத்துத் தர ஆய்வு இல்லையென்றால் நாம் இன்னும் ஏமாந்துகொண்டிருப்போம். வங்கிகள் கொடுத்த கடனில் மொத்த வராக்கடன் 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியது. மறைத்திருந்தது வெளியே வந்ததுதான் பெரும்பகுதி. 2025 மார்ச்சில் அது 2.3 சதவீதத்தில் நின்றது. வங்கிப் பங்குகள் இடைப்பட்ட காலத்தில் ஏறியதற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

ஆனால் சுரண்டிப் பார்த்ததை யாரிடம், எப்போது சொன்னீர்கள்?

யெஸ் வங்கி 2016 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்குத் தன் மொத்த வராக்கடன் 749 கோடி ரூபாய் என்று எழுதியது. உங்கள் ஆய்வாளர்கள் கண்டது 4,926 கோடி. ஆறு மடங்குக்கும் மேல். பங்குதாரர்களுக்கு இது தெரியவந்தது 2017 மே மாதம், நிதியாண்டு முடிந்து பதினான்கு மாதம் கழித்து. அதுவும் 2017 ஏப்ரலில் நீங்கள் ஒரு சுற்றறிக்கை விட்டதால்தான் சொன்னார்கள். அடுத்த ஆண்டும் அதே கதை. வங்கி எழுதியது 2,018 கோடி, நீங்கள் கண்டது 8,374 கோடி.

இங்கே என் கட்சிக்கு எதிரான உண்மை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவும் வெளிவந்த பிறகும் அந்தப் பங்கு விழவில்லை. ஏறியது. 2018 ஆகஸ்ட்டில் 400 ரூபாயைத் தாண்டி உச்சம் தொட்டது. சந்தையும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அப்போது என்னோடு பேசிய சிறு முதலீட்டாளர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: "பெரிதாக எதுவும் இருந்தால் ரிசர்வ் வங்கி விட்டுவைத்திருக்குமா?" உங்கள் மௌனத்தை அவர்கள் நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் எதுவும் சொல்லாதபோதும் ஏதோ சொல்கிறீர்கள் என்றுதான் சந்தை நினைக்கும்.

பிறகு 2018 செப்டம்பரில் அந்த வங்கியின் தலைவருடைய பதவிக்காலத்தை 2019 ஜனவரி 31 வரை மட்டும் என்று சுருக்கினீர்கள். ஏன் என்று நீங்கள் ஊருக்குச் சொல்லவில்லை. ஒரே நாளில் பங்கு 30 சதவீத அளவுக்குச் சரிந்தது. இண்டஸ்இண்ட் விஷயத்திலும் இதே முறைதான். 2025 மார்ச்சில் தலைமை அதிகாரிக்கு இயக்குநர் குழு மூன்றாண்டு நீட்டிப்புக் கேட்க, நீங்கள் ஓராண்டு தந்தீர்கள். காரணம் இல்லை. அடுத்த வர்த்தக நாளில் பங்கு இறங்கத் தொடங்கியது, அன்றே டெரிவேட்டிவ் செய்தியும் வந்தது. ரிசர்வ் வங்கி எத்தனை ஆண்டு நீட்டிப்புத் தருகிறது என்பதைக் கொண்டு வங்கியின் நாடியைக் கணிப்பது பல்லி விழுந்த பலன் பார்ப்பது போல் ஆகிவிட்டது. பலன் சில சமயம் பலிக்கவும் செய்கிறது என்பதுதான் வேதனை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது 2019 பிப்ரவரியில் நடந்தது. யெஸ் வங்கி உங்கள் ஆய்வறிக்கையிலிருந்து தனக்குச் சாதகமான ஒரு வரியை மட்டும் எடுத்து வெளியிட்டது: 2018ஆம் நிதியாண்டுக்கு வராக்கடன் கணக்கில் வேறுபாடு எதுவும் இல்லை. பங்கு ஒரே நாளில் 30 சதவீதம் எகிறியது. அதற்குப் பிறகு நீங்கள் வங்கியைக் கண்டித்தீர்கள். அறிக்கை ரகசியமானது, அதில் வேறு பல குறைகளும் சுட்டப்பட்டிருக்கின்றன, ஒரு பகுதியை மட்டும் வெளியிட்டது விதிமீறல் என்று எழுதினீர்கள். அந்தக் கண்டனத்தையும் வங்கியே சந்தைக்குத் தெரிவித்தது. விலை மறுபடி இறங்கியது. அந்த இரண்டு நாளில் உயர்ந்த விலைக்கு வாங்கியவர் யார் கணக்கில் நட்டப்பட்டார்? ரகசியம் என்று பூட்டி வைத்த அறிக்கையிலிருந்து நல்ல செய்தியை மட்டும் உருவி எடுக்க வங்கியால் முடிகிறது. கெட்ட செய்தி மட்டும் பத்திரமாகப் பூட்டுக்குள் இருந்துவிடுகிறது. அந்த அறிக்கையைப் பூட்டாமலே இருந்திருந்தால் யாருக்கும் எதையும் உருவ வேண்டிய தேவை வந்திருக்காது.

2019 மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு மறுபடி 3,277 கோடி ரூபாய் வேறுபாடு. அது வெளிவந்தது நவம்பரில். அதற்குச் சில நாள் முன்புதான், ஆய்வறிக்கை கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் வேறுபாட்டைச் சந்தைக்குச் சொல்ல வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபி உத்தரவிட்டிருந்தது. அந்தக் கண்டிப்பு உங்களிடமிருந்து வந்திருக்க வேண்டியது. நான்கு மாதத்தில், 2020 மார்ச் 5 அன்று, பணம் எடுக்க 50,000 ரூபாய் உச்சவரம்பு விழுந்தது. மறுநாள் வர்த்தகத்தின் நடுவே அந்தப் பங்கு ஆறு ரூபாய்க்கும் கீழே போய் வந்தது.

இனி என் ஊர்.

கரூரில் பிறந்த வங்கிகள் இரண்டு. 1916இல் கரூர் வைசியா வங்கி. 1926இல் ராமலிங்கம் செட்டியாரும் மற்ற வணிகர்களுமாக ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. நெசவும் வணிகமும் விவசாயமும் பிழைப்பாக இருந்த ஊரில், சென்னை பம்பாய் வங்கிகள் எட்டிப் பார்க்காத சிறு வியாபாரிக்குக் கடன் கொடுக்கவென்று உண்டானவை இரண்டும். இன்று ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை. வங்கியின் உடல்நிலைக்கும் பங்கு விலைக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கும் கிடைக்காது.

இரண்டு வங்கிகளுக்குமே காய்ச்சல் கண்டது என்பதை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். 2020 மார்ச்சில் கரூர் வைசியா வங்கியின் மொத்த வராக்கடன் 8 சதவீதத்துக்கு மேல். அப்போது பங்கு 20 ரூபாய்ப் பக்கம் கிடந்தது. ஆனால் அதன் மூலதனப் போதுமை விகிதம், அதாவது கொடுத்த கடன்களுக்கு எதிரே வங்கி வைத்திருக்கும் மூலதனத்தின் அளவு, 17 சதவீதம். அடி வாங்கினால் தாங்க உடம்பில் சதை இருந்தது. வராக்கடனைச் சிறுகச் சிறுகக் கழித்தது, 2025 மார்ச்சில் ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. இடையில் 2024இல் பங்கு 200 ரூபாயைத் தாண்டியது.

லட்சுமி விலாஸ் வங்கியோ சிறு வியாபாரியை விட்டுவிட்டுப் பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய கடன் கொடுக்கப் போனது. தாங்கும் சதை அதற்கு இல்லை. 2020 மார்ச்சில் மூலதன விகிதம் 1.12 சதவீதம், ஜூனில் 0.17, செப்டம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே 2.85. மொத்த வராக்கடன் 24.45 சதவீதம், அதாவது நான்கு ரூபாய்க் கடனில் ஒரு ரூபாய் நின்றுபோயிற்று. வராக்கடன் நோய் என்றால் மூலதனம்தான் எதிர்ப்புச் சக்தி. நோயை மட்டும் பார்த்துப் பங்கு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இரண்டு கரூர் வங்கிகளிலும் ஏமாந்திருப்பார்கள், எதிரெதிர்த் திசைகளில்.

நியாயமாகப் பேச வேண்டும். லட்சுமி விலாஸ் வங்கி விஷயத்தில் நீங்கள் எச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2019 செப்டம்பரிலேயே அதை, நலிந்த வங்கிகளுக்குக் கட்டுப்பாடுகள் போடும் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தீர்கள், அது ஊரறிந்த செய்தி. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையும் திட்டத்தை மறுத்தீர்கள். மேலே சொன்ன விகிதங்களையும் வங்கி வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும், "நூறு ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு பதினைந்துக்குக் கிடைக்கிறது" என்று வாங்கியவர்கள் உண்டு. பாதி விலைக்குக் கிடைத்தால் புடவை லாபம். பங்கு அப்படி இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லி ஓய்ந்தேன்! ஆசைப்பட்டவர்களின் நட்டத்துக்கு உங்களைப் பொறுப்பாளி ஆக்க மாட்டேன்.

ஆனால் 2020 நவம்பரில் நடந்த விதம் பற்றிக் கேட்க வேண்டியது இருக்கிறது. 17ஆம் தேதி மாலை பணம் எடுக்கக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது, 25,000 ரூபாய்தான் எடுக்கலாம். அதே நாளில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைக்கும் வரைவுத் திட்டமும் வந்தது. பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி என்று அதில் எழுதியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் 20ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் சொல்லலாம். மூன்று நாள்! 25ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல், 27ஆம் தேதி இணைப்பு. தொண்ணூற்று நான்கு ஆண்டு வயதான வங்கி பத்தே நாளில் முடிந்தது. வரைவில் பூஜ்யம் என்று எழுதியிருந்த அந்தப் பங்கு இடைப்பட்ட நாட்களில் பத்து ரூபாய்க்கும் எட்டு ரூபாய்க்கும் சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தது. பூஜ்யத்தை எட்டு ரூபாய்க்கு விற்கவும் வாங்கவும் ஒரு வாரம் அனுமதித்திருக்கிறோம். மூன்றாண்டுக்கு முன்பு இதே வங்கி தன் பங்குதாரர்களுக்கே 122 ரூபாய்க்கு உரிமைப் பங்கு விற்றிருந்தது.

மூலதனம் பூஜ்யத்துக்குக் கீழே போன வங்கியில் பங்குதாரருக்கு ஒன்றும் இல்லை என்பது பாடப்புத்தக நியாயம். நான் ஏற்கிறேன். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு காசு குறையாமல் காப்பாற்றினீர்கள், அதற்கு இந்த ஊர் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. என் கேள்வி, அந்த நியாயம் ஏன் வங்கிக்கு வங்கி மாறுகிறது என்பதுதான். 2004இல் குளோபல் டிரஸ்ட் வங்கியின் பங்குதாரர்களுக்குக் கையில் எதுவும் வரவில்லை. 2006இல் யுனைடெட் வெஸ்டர்ன் வங்கியை வாங்கப் பலர் போட்டியிட்டார்கள், பங்குக்கு 28 ரூபாய் கொடுத்து ஐடிபிஐ எடுத்துக்கொண்டது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கிப் பங்குகள் உயிரோடு விடப்பட்டன. நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் இருப்பில் முக்கால் பங்கை மட்டும் மூன்று ஆண்டுக்குப் பூட்டினீர்கள். அதேசமயம் பங்குதாரருக்கு முன்னால் நிற்க வேண்டிய கடன் பத்திரக்காரர்களின் 8,415 கோடி ரூபாய் முழுதாகத் தள்ளுபடி ஆனது. அதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. யெஸ் வங்கி மீட்புக்கு எட்டு மாதம் கழித்து, 2020 நவம்பரில், லட்சுமி விலாஸ் வங்கிக்குப் பூஜ்யம். டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டுவந்தது, நல்லது. ஆனால் வேறு யாரும் அதற்கு மேல் தந்திருப்பார்களா என்று பொதுவில் கேட்டதை நாங்கள் காணவில்லை. 563 கிளைகளுக்கு விலையே கிடையாதா?

இப்படி நான்கு வங்கிக்கு மூன்று நீதி என்றால், அடுத்த முறை ஒரு வங்கி தள்ளாடும்போது அதன் பங்குக்கு யார் என்ன விலை போடுவார்கள்? பூஜ்யமாகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம், பூட்டாகவும் இருக்கலாம். இந்த நிச்சயமின்மையும் சேர்ந்துதான் இண்டஸ்இண்ட் பங்கை ஒரே நாளில் 27 சதவீதம் கீழே இறக்கியது என்பது என் கணிப்பு.

உங்கள் தரப்பு வாதம் எனக்குத் தெரியாததல்ல. ஆய்வில் கண்டதையெல்லாம் ஊருக்குச் சொன்னால் டெபாசிட்காரர்கள் மறுநாள் காலை கவுண்டரில் வந்து நிற்பார்கள், நல்ல வங்கியும் கவிழ்ந்துவிடும் என்பீர்கள். கவுண்டருக்குப் பின்னால் முப்பத்தொரு ஆண்டு உட்கார்ந்தவள் நான். ஒரு வதந்தியில் கூட்டம் எப்படிக் கூடும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனால் வதந்தி எங்கே முளைக்கிறது? தகவல் இல்லாத இடத்தில்தான். 2020 பிப்ரவரியிலிருந்து டெபாசிட் காப்பீடு ஐந்து லட்சம் ரூபாய். சிறு சேமிப்பாளருக்கு அது போதுமான வேலி. தவிர, நீங்களே வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதை 2025 மார்ச் 15 அன்று காட்டினீர்கள். இண்டஸ்இண்ட் வங்கியின் மூலதன விகிதம் 16.46 சதவீதம், வராக்கடனுக்கான ஒதுக்கீடு 70.20 சதவீதம், பயப்படத் தேவையில்லை என்று எண்களோடு அறிக்கை விட்டீர்கள். வங்கி கவிழவில்லை. பிறகு அந்தக் காலாண்டில் 2,300 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் வந்தது, தலைமை அதிகாரி விலகினார். அப்போதும் கவிழவில்லை. எண்களைச் சொன்னதால்தான் கூட்டம் கூடவில்லை என்பேன்.

சட்டமும் உங்கள் ரகசியத்துக்குத் துணை நிற்கவில்லை. 2015 டிசம்பரில், ஜயந்திலால் மிஸ்திரி வழக்கில், ஆய்வறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தர வேண்டும், ரிசர்வ் வங்கி வங்கிகளின் நம்பிக்கைக் காவலர் அல்ல, பொதுமக்கள் நலனைக் காப்பதே அதன் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் தரக்கூடாதவற்றின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தீர்கள், 2019இல் நீதிமன்றம் மறுபடி கண்டிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் வங்கிகள் வழக்காடின. கடன் வாங்கிய தனி ஆளின் விவரங்களை மறைத்துக்கொள்ளுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. வங்கியின் உடல்நிலையில் என்ன ரகசியம்?

நான் கேட்பது அதிகமில்லை. வராக்கடன் வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் சொன்னால் போதும் என்ற வரம்பை 2022இல் இறுக்கினீர்கள். இப்போது அது 5 சதவீதம். அந்த வரம்பையே எடுத்துவிடுங்கள், ஒரு ரூபாய் வேறுபாடானாலும் வெளியிடச் சொல்லுங்கள். பூஜ்யமாக இருந்தால் அதையும் எல்லா வங்கிகளும் ஒரே படிவத்தில் வெளியிடட்டும், அப்போது யாரும் நல்ல வரியை மட்டும் உருவி 30 சதவீதம் ஏற்ற முடியாது. நிதியாண்டு முடிந்து ஆய்வறிக்கை வர எட்டு மாதமும் பதினான்கு மாதமும் ஆவதற்குக் கெடு வையுங்கள். என் கிளைத் தணிக்கையை நான் மூன்று வாரத்தில் முடித்தேன், ஏப்ரலில் எழுதச் சொன்ன மேலதிகாரி இருந்தும். வங்கித் தலைவரின் பதவிக்காலத்தை வெட்டினால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். ஒரு வங்கியை இன்னொன்றில் கரைக்கும்போது, வரைவு வெளியாகும் நிமிடத்திலேயே அந்தப் பங்கின் வர்த்தகத்தை நிறுத்திவைக்கச் செபியிடம் சொல்லுங்கள். பங்குதாரருக்கு என்ன மதிப்பு, ஏன் அந்த மதிப்பு என்று ஒரு பக்கக் கணக்காவது வரைவோடு வெளியிடுங்கள். பூஜ்யம் என்றாலும் கணக்குப் போட்ட பூஜ்யமாக இருக்கட்டும்.

கரூர் பேருந்து நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் டிபிஎஸ் பெயர்ப்பலகையைப் பார்க்கிறேன். பழைய பெயரைச் சொல்லித்தான் ஆட்டோக்காரர்கள் இன்னும் அடையாளம் கேட்கிறார்கள்.

இந்த மடலுக்குப் பதில் எழுத உங்களுக்கு மூன்று நாள் போதாது என்று எனக்குத் தெரியும். மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
கரூர்